ஒரு சாண் தூரம்

காசிமேட்டில் பதினாலாயிரம் சொன்னான்.
ஓடுமா என்று கேட்டேன்.
ஓடிக்கினு இருந்ததும்மா என்றான்.
அந்த இறந்தகாலத்துக்கு
இரண்டாயிரத்து ஐந்நூறு குறைத்தேன்.

எட்டுக் குதிரை என்று போட்டிருந்தது தகட்டில்.
எத்தனை குதிரை உயிரோடிருக்கிறது என்று
மூடியைத் திறந்து பார்த்தான் தேசிங்கு.
உள்ளே உப்பு பூத்திருந்தது,
நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

வேலூர் பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.
காசு கொடுத்த சீட்டாச்சே என்று
ஜன்னலோரம் அதை உட்கார வைத்து
நான் நடுவில் உட்கார்ந்தேன்.
ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்
அதன் காலிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது கடல்.

காவேரிப்பாக்கத்தில் இறக்கினோம். சித்திரை வெயில்.
ஏரியில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன,
மதகோரம் மட்டும் ஒரு துண்டு தண்ணீர்.
"இன்னா தேசிங்கு, எருமைக்கா மாட்டப் போற?"
முனிரத்தினம் சைக்கிளை நிறுத்திவிட்டே கேட்டார்.

அவருக்குத் தெரியாததில்லை.
போன கார்த்திகையில் ஏரி நிறைந்து கிடந்தபோது
அக்கரை வலைக்குத் துடுப்புப் போட்டுப் போட்டு
தேசிங்கின் வலது தோள் இறங்கிவிட்டது.
கெண்டையோடு கரைக்கு வருவதற்குள்
ஏழு மணி வேன் போயிருக்கும்.
அப்புறம் யார் வந்தாலும் பாதி விலை.
என் சீட்டுப் பணம் அந்தப் பாதி விலைக்குப் பயந்துதான்
எஞ்சினாக மாறியது.

பிளக் நூற்று எண்பது.
பம்பு ரப்பர் எழுநூறு, அதில் பேரம் படியவில்லை.
கேஸ்கெட்டுக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியிலிருந்து
கழித்துப் போட்ட அட்டையில் நாலு துண்டு
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள் ஷாகிரா.
கத்தரிக்கோல் அவளுடையது, அளவு என்னுடையது.
கார்ப்பரேட்டரில் பழைய பெட்ரோல்
வெல்லப்பாகாய் இறுகிப்போயிருந்தது.
ஜெட் ஓட்டையில் ஊசி நுழையவில்லை.
தேசிங்கின் விரல்கள் அந்த வேலைக்கு ஆகாது.
சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து
ஒற்றை இழையை உருவி
மூச்சை அடக்கிக்கொண்டு விட்டேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்
ஒரு கடுகளவு வானம்.

தண்ணீரில்லாமல் ஓட்டினால் சூடேறி
பிஸ்டன் பிடித்துக்கொள்ளுமாம்.
நாலு நாளுக்கொருமுறை வரும் பைப்புத் தண்ணீர்
நீல ட்ரம் நிறைய இருந்தது.
பாத்திரம் நாளைக்குத் துலக்கிக்கலாம் என்றேன்,
நானேதான்.

பலகை கட்டி எஞ்சினை ட்ரம்மில் மாட்டினோம்.
கயிறு இழுத்தான். இருமியது.
இழுத்தான். இருமக்கூட இல்லை.
தோளைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்ததும்
புடவையைச் செருகிக்கொண்டு நான் இழுத்தேன்.
எத்தனையாவது இழுப்பு என்பதை எண்ணினவள் நான்தான்,
சொல்ல மாட்டேன்.

தெரு முழுக்க நீலப் புகை.
நாய்கள் கோயில் பக்கம் ஓடின.
எனக்கு அந்தச் சத்தம் காதில் ஏறவே இல்லை,
பக்கவாட்டு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் அதன் வழியே வந்தால்தான் பிழைத்தது என்று அர்த்தம்.
வரவில்லை.
வரவில்லை.
ஒரு உப்புக்கட்டி தெறித்தது,
துருவாய்க் கொஞ்சம் கக்கியது,
பிறகு வெள்ளை நூலாய்ப் பீய்ச்சியது.
"எஞ்சின் ஒண்ணுக்குப் போவுது!"
ஷாகிராவின் பையன் கைதட்டிக் குதித்தான்.

அந்த சந்தோஷத்தில் தேசிங்கின் முழங்கை
கியரில் பட்டுவிட்டது.
ட்ரம்முக்குள் ஏரி எழுந்தது.
முனிரத்தினத்தின் வேட்டி நனைய
ட்ரம் தடதடவென்று ஆடி
தெருவில் நகர்ந்தது.

நோட்டில் கணக்கு எழுதினேன்.
எஞ்சின் பதினொன்று ஐந்நூறு.
சில்லறை இரண்டாயிரத்து நாற்பது.
பஸ்ஸில் அதன் டிக்கெட் தனியாக.
போன தண்ணீர் அரை ட்ரம்.
போன தூரம் ஒரு சாண்,
விரித்து அளந்தது
எண்ணெய் போகாத என் கை.